எட்டு வினாடி

சேசு மரி சூசை துணை

ரோசரி சர்ச் ரோடு,
மயிலாப்பூர், சென்னை - 4.
7.2.99, ஞாயிறு

பிரியமுள்ள டோரதிக்கு,

காலைப் பூசை முடிந்து வந்து, ஈவிக்கு இட்லி ஊட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், நைட் டியூட்டி முடிந்தால் ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

லீவில் வந்த உன் ஆஸ்பத்திரி சகினாவிடம் நீ கொடுத்தனுப்பிய கேமரா கைக்கு வந்துவிட்டது. நானே திருவல்லிக்கேணிக்குப் போய் அவர்கள் வீட்டில் வாங்கிக்கொண்டேன். சகினாவின் அம்மா பிரியாணி சாப்பிடாமல் விடவில்லை. சகினா, குழந்தையைப் பார்க்க ஒரு நாள் மயிலாப்பூர் வருகிறேன் என்றது. ஈவி சைதாப்பேட்டையில் அக்கா வீட்டில் இருக்கிறாள், இன்னும் பத்து நாள் ஆகும் வருவதற்கு என்று சொன்னேன்.

கேமராவைப் பற்றி என்ன சொல்ல! உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. பிலிம் கிடையாது, கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. முதுகுப்பக்கம் ஒரு சின்னத் திரை இருக்கிறது, எடுத்த படம் அதிலேயே தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். எங்கள் ஃபிஸிக்ஸ் சார் லேப் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேப் அசிஸ்டென்ட் வீட்டில் இப்படி ஒரு சாமானா என்று அவருக்கு ஆச்சரியம். நர்ஸ் சம்பாத்தியம் சார் என்றேன்.

கூட வந்த புத்தகத்தை மூன்று தரம் படித்துவிட்டேன். அதில் ஒரு வித்தை இருக்கிறது. கேமராவின் கண் சாதாரணமாக ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு, நூற்றில் ஒரு பங்கு என்று திறந்து மூடும். இதில் நாமே கையால் வைத்து எட்டு வினாடி வரைக்கும் திறந்து வைக்கலாம். அந்த நேரத்தில் அசையாததெல்லாம் அப்படியே படத்தில் விழும். அசைவது கரைந்துபோகும். கை ஆடினால் படம் கெட்டுவிடும் என்பதால் லேபிலிருந்து இரும்பு ஸ்டாண்டும் கிளாம்ப்பும் கேட்டு வாங்கி வந்தேன். பியூரெட் பிடிக்கிற கிளாம்ப் கேமராவையும் பிடிக்கிறது.

தைப்பூசத்துக்குக் கபாலி கோவில் குளத்தில் தெப்பம் விட்டார்கள் அல்லவா, அதை எடுத்தேன். தெப்பத்தின் விளக்குகள் எல்லாம் தண்ணீரின்மேல் ஒரே கோடாக விழுந்திருக்கின்றன. படிக்கட்டில் அத்தனை கூட்டம் இருந்தது. படத்தில் கல் தெரிகிறது, கூட்டத்தைக் காணோம். சாந்தோம் கடற்கரையில் சூரியன் இறங்கிய பிறகு எடுத்ததும் இருக்கிறது. அலையே இல்லாமல் கடல் புகை மாதிரிக் கிடக்கிறது. அதில் இடது ஓரமாக மஞ்சளாக ஒரு தீற்றல் தெரியும். அதுதான் நம் ஈவி. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய மஞ்சள் கவுன் போட்டிருந்தாள்.

லஸ் முனையில் அன்வர் பாஷா என்று ஒருவர் இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறார். அவர்தான் படங்களை கம்ப்யூட்டரில் ஏற்றி உன் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பினார். ஒரு படம் போய்ச் சேருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அதிலேயே கடிதமும் எழுதலாமே என்றார். ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் நலம் என்பதற்கு மேல் எதுவும் வராது.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை போன் பாதியில் நின்றதைப் பற்றிக் கேட்டிருந்தாய். லைன் கட்டாகிவிட்டது, வேறொன்றுமில்லை. கீழ் வீட்டு சுப்பம்மாவின் புருஷர் ஸ்ரீரங்கன் டெலிபோன் டிபார்ட்மென்டிலேயே இருந்தும் நாம் பேசுகிற அவர் வீட்டு லைனுக்கு இந்தக் கதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
கிளிஃபர்ட்


மஸ்கட்
26.2.99

அன்புள்ள ஈவி டாடிக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிவிட்டது. இங்கே வெள்ளிக்கிழமைகளில்தான் பூசை. காலையில் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

படங்கள் வந்தன. எக்ஸ்ரே பிரிவில் ரேமண்ட் என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருக்கிறார், அவருடைய கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். தெப்பத்தைப் பார்த்ததும் எனக்கு மாட வீதிச் சத்தமெல்லாம் காதில் கேட்டது. கடல் படத்தை ரேமண்ட் பெரிதாக பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மலையாளப் பெண்கள், இது எந்த ஊர் ஏரி என்று கேட்கிறார்கள். நம் சாந்தோம் கடல் என்றால் நம்புவதில்லை.

ஆனால் எனக்குக் கடல் வேண்டாங்க. குளமும் வேண்டாம். நான் அந்தக் கேமராவை எதற்கு வாங்கினேன்? இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தானே. பன்னிரண்டு மாதமாக என் மனதில் அவளுக்கு ஒரே முகம். அதற்குள் அவள் முகம் மாறியிருக்கும். கன்னம் வற்றியிருக்கும், மூக்கு எழும்பியிருக்கும். நான் இன்னமும் பழைய குழந்தைக்கே முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் தீற்றலை எத்தனை நேரம்தான் பார்ப்பது?

இன்னொன்று. கவுன் மேலேயும் கை மேலேயும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அது என்ன? அம்மை ஏதாவது வார்த்து என்னிடம் சொல்லாமல் இருக்கிறீர்களா? ரேமண்ட் அது கேமராவின் கோளாறு என்கிறார். நீங்கள் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

சகினா திரும்பி வந்துவிட்டாள். கடைசிவரைக்கும் ஈவியைப் பார்க்க முடியவில்லையே என்றாள். எனக்கு அழுகை வந்தது. நம் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒரு ஆளிடம் பேசலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஈவி ஏன் போனுக்கு வருவதில்லை? தூங்குகிறாள், விளையாடுகிறாள் என்று ஏழு வாரமாகச் சொல்கிறீர்கள். முன்பெல்லாம் மம்மி மம்மி என்று மூச்சு விடாமல் பேசுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை தூக்கி வைத்துக்கொண்டாவது ரிசீவரைக் காதில் வையுங்கள்.

ஜெபத்தில் மறவாத,
டோரதி


மயிலாப்பூர்
14.3.99

பிரியமுள்ள டோரதிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மையெல்லாம் இல்லை. மாதா சாட்சியாக இல்லை. கேமராவின் கண்ணை ரொம்ப நேரம் திறந்து வைத்தால் இருட்டான இடங்களில் இப்படி வண்ணப் புள்ளிகள் தானாக விழுகின்றன. சுவரை மட்டும் எடுத்துப் பார்த்தேன், சுவரிலும் அதே புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன.

ஈவி ஒரு இடத்தில் நிற்பதில்லை, நான் என்ன செய்ய? கேமராவைப் பார்த்தாலே ஓட்டம்தான். இந்தத் தடவை அவள் தூங்கும்போது எடுத்து அனுப்பியிருக்கிறேன். வலப்பக்கக் கன்னம் நன்றாகத் தெரிகிறது, பார். உன் அப்பாவின் மூக்கு அப்படியே வந்திருக்கிறது. இரட்டைப் பின்னல் தெரிகிற மாதிரி பின்னாலிருந்து எடுத்த ஒன்றும் இருக்கிறது. சுப்பம்மா பின்னிவிட்டது. சுப்பம்மா தன்னையும் ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றது. அதுவும் வருகிறது.

பரீட்சை நேரம். லேபில் பிராக்டிகல் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நீளமாக எழுத முடியவில்லை. நாம் பணம் கட்டிவருகிற திருவான்மியூர் ஃபிளாட்டுக்கு இரண்டாம் மாடித் தளம் போட்டுவிட்டார்கள். போன ஞாயிறு பஸ் ஏறிப்போய்ப் பார்த்தேன். நம் ஜன்னல் வரப்போகிற இடத்தில் நின்றால் கடல் கொஞ்சம் தெரிகிறது.

உன்
கிளிஃபர்ட்


மஸ்கட்
9.4.99

அன்புள்ள ஈவி டாடிக்கு,

ஈஸ்டர் பூசைக்குப் போய்வந்தேன். எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

தூங்குகிற படம் வந்த அன்று ரேமண்ட் வெளியே போகிறவரைக்கும் காத்திருந்து, கம்ப்யூட்டர் திரையில் அவள் கன்னத்தைத் தொட்டேன். விரலில் தூசி ஒட்டியது. பாதி முகம்தான் என்றாலும் என் பிள்ளையின் முகம் என்று ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன்.

போன வாரம் ரேமண்டும் அதே மாதிரி ஒரு கேமரா வாங்கினார். அவர் ஒரு விஷயம் காட்டினார். படம் எடுக்கும்போதே அந்தப் படத்துக்குள் தேதி, மணி, கண் எத்தனை நேரம் திறந்திருந்தது, எல்லாவற்றையும் கேமரா தானாக எழுதி வைத்துவிடுமாம். கம்ப்யூட்டரில் திறந்தால் படிக்கலாம். விளையாட்டாக நீங்கள் அனுப்பிய படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

சுப்பம்மாவை எடுத்தது அறுபதில் ஒரு பங்கு வினாடி. அவள் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிகிறது. ஈவியின் பின்னல் அறுபதில் ஒரு பங்கு. தூங்குகிற படம் முப்பதில் ஒரு பங்கு. அவள் முகம் கேமராப் பக்கம் திரும்பியிருக்கிற படங்கள் பதினொன்று. அத்தனையும் ஆறு வினாடி, எட்டு வினாடி. மதியம் மூன்று மணிக்குக்கூட எட்டு வினாடி. பகல் வெளிச்சத்தில் இப்படிச் செய்தால் படம் வெள்ளைக் காகிதமாகிவிடும், கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி எதையோ பிடித்துச் சிரமப்பட்டு எடுத்திருக்கிறார், உன் கணவர் பெரிய கலைஞர் என்று ரேமண்ட் பாராட்டினார். நான் சிரித்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்தேன்.

குழந்தை ஓடுவதால் படம் கலையவில்லை. குழந்தை கலைய வேண்டும் என்றே நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். அது எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை. அந்தப் பாதி முகத்துக்கு மறுபாதி எங்கே?

போன வெள்ளிக்கிழமை போனை சுப்பம்மா எடுத்தாள். ஈவியைக் கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு மாடிப்படி ஏறி ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சுப்பம்மாவிடம் கேட்டேன், அவளுக்கு நான் வேண்டாமா, மறந்துவிட்டாளா என்று. சுப்பம்மா போனை வைத்துவிட்டாள்.

ஒரு வருஷத்தில் பெற்ற தாயை மறக்கிற வயதுதான் அது. எனக்குத் தெரியும். அப்படித்தான் என்றால் சொல்லிவிடுங்கள். அல்லது அவளுக்கு ஏதாவது என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தாதீர்கள்.

டோரதி


மயிலாப்பூர்
18.4.99

என் டோரதிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நேற்று வரைக்கும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று சாயங்காலம் சுப்பம்மா மாடிக்கு வந்து என் எதிரில் நின்றது. அது எப்போதும் வாசற்படி தாண்டி வராது. நேற்று உள்ளே வந்துவிட்டது.

"அந்தம்மா போன்ல அய்துச்சி சார். கொயந்த என்னெ மறந்துட்ச்சான்னு கேட்டுக்கினு அய்துச்சி. நான் இன்னா சொல்றது? நீ பொய் சொல்லு சார், அது உன் குடும்பம். என்னெ எதுக்கு சார் சொல்ல வெக்கிறே?" என்றது.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். படித்து முடிக்கிறவரைக்கும் என்னை மன்னிக்க வேண்டாம்.

ஈவி உன்னை மறக்கவில்லை. போன் மணிக்குப் பயப்படுகிறாள்.

ஜனவரி எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. அவளுக்குச் சளி பிடித்திருந்தது. ஆவி பிடிக்கலாம் என்று குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்து இறக்கி, கூடத்தில் முக்காலியின் மேல் வைத்தேன். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். போர்வை எடுக்கத் திரும்பியபோது கீழே மணி அடித்தது. ஆறு மணி, உன் போன். சுப்பம்மா கூப்பிட்டது. உட்காரு ஈவி, டாடி வந்துடறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். அந்தக் குண்டானைத் திரும்ப அடுப்பு மேடையில் வைக்க எனக்குத் தோன்றவில்லை, டோரதி. இரண்டு எட்டுத்தான். உன் குரலைக் கேட்கிற அவசரம்.

நீ கேமரா வாங்கப் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தாய். இனிமேல் வாரத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம் என்றாய். அப்போதுதான் மேலே அலறல் கேட்டது. லைன் கட்டாகவில்லை. நான்தான் வைத்துவிட்டு ஓடினேன்.

துண்டைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இடது கன்னத்தின் கீழ்ப்பாதி, காது, கழுத்து, தோள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆண்டவர் காத்தார். நான் கையில் தூக்கிக்கொண்டு கீழே வந்தபோது நீ மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். மணி நிற்கவே இல்லை. சுப்பம்மா அவளைக் குழாயடியில் உட்காரவைத்துப் பச்சைத் தண்ணீரை மேலே விட்டுக்கொண்டே இருந்தது. அவள் கத்தக் கத்த அந்த மணியும் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றையிலிருந்து எந்த வீட்டில் போன் அடித்தாலும் இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டு ஓடுகிறாள். நீ கேட்டது அந்த ஓட்டம்தான்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். நன்றாகப் பார்த்தார்கள். டிரெஸ்ஸிங் செய்யும்போதெல்லாம் நர்ஸின் தொப்பியைப் பார்த்து மம்மி மம்மி என்பாள். முதல் நாள் அந்தப் பெண், நான் மம்மி இல்லம்மா என்றது. இரண்டாம் நாளிலிருந்து சும்மா இருந்துவிட்டது.

உன்னிடம் சொல்ல நான்கைந்து தடவை பேனாவை எடுத்தேன். சொன்னால் ஒப்பந்தத்தை உதறிவிட்டு ஓடி வருவாய், பாஸ்போர்ட் ஆஸ்பத்திரிக்காரர்கள் கையில் இருக்கிறது, வர முடியாமல் அங்கே கிடந்து துடிப்பாய் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், நீ கூப்பிட்ட நேரத்தில்தான் நடந்தது என்று தெரிந்தால் வாழ்நாள் முழுவதும் உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாய் என்று நினைத்தேன். இரண்டும் நிஜம். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. என்னை நம்பித்தானே விட்டுவிட்டுப் போனாய். அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றவில்லை என்று, உன் முகத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்தில் எழுதக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கேமரா வந்து சேர்ந்தது. முதல் படமே ஈவியைத்தான் எடுத்தேன். பின்பக்கத் திரையில் அந்தக் கன்னம் தெரிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அழிந்துவிடுகிறது. அழித்தேன். மறுபடி எடுத்தேன், அழித்தேன். அன்றைக்கு எத்தனை என்று கணக்கில்லை. அப்புறம்தான் புத்தகத்தில் எட்டு வினாடியைப் படித்தேன். பகலில் எடுக்கும்போது என் கூலிங் கிளாஸின் கண்ணாடியைக் கழற்றி முன்னால் ஒட்டினேன். பொத்தானை அழுத்திவிட்டு, "ஓடு ஈவி" என்பேன். அவளுக்கு அது விளையாட்டு. சிரித்துக்கொண்டே ஓடுவாள். மூன்று மாதமாகப் பிள்ளைக்கு அதைத்தான் பழக்கினேன்.

நேற்று சுப்பம்மா போன பிறகு, இனி மறைப்பதில்லை என்று ஸ்டாண்டைக் கூடத்தில் வைத்தேன். கேமராவைப் பார்த்ததும் ஓடத் தயாராக நின்றாள். இன்றைக்கு ஓட வேண்டாம் ஈவி என்றேன். ஏன் என்றாள். மம்மி உன்னைப் பார்க்கணுமாம் என்றேன்.

"ஓடுனா மம்மிக்கு என்னைத் தெரியாதா டாடி?" என்றாள்.

தெரியாது என்றேன். பிறகு போய், ஜன்னலோரமாகத் தானே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கையால் கன்னத்தை மூடப்போனாள். அவளே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாதாரணமாக எடுத்தாலே முகம் தெளிவாக விழுந்திருக்கும். ஆனால் எட்டு வினாடிதான் வைத்தேன். எட்டு வரைக்கும் அசையக் கூடாது என்றேன். ஒன், டூ, த்ரீ என்று அவளே எண்ணினாள். பால்வாடியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூன்றேகால் வயதுப் பிள்ளை, டோரதி. அத்தனை நேரம் கண்ணைக்கூட அதிகம் இமைக்கவில்லை.

அந்தப் படத்தை நாளைக்கு அன்வர் பாஷாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு திறந்து பார் என்று அதன் கூட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். தனியாக இருந்து பார்க்காதே. சகினாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். ரேமண்டிடம் சொல்லி உள்ளே எழுதியிருப்பதையும் படித்துப் பார். எட்டு வினாடி என்றுதான் இருக்கும். உனக்காக உட்கார்ந்த எட்டு வினாடி அது.

நான் செய்ததற்கு நீ என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். எதையாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கிளிஃபர்ட்


மஸ்கட்
7.5.99

ஈவி டாடிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து எட்டு நாளாகிறது. இரண்டு வெள்ளிக்கிழமையாக நான் போன் செய்யவில்லை. எந்தப் பிள்ளையைப் பயமுறுத்த நான் மணி அடிப்பது?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தழும்பு தடித்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா, விரலால் தடவிப் பார்த்து எழுதுங்கள். முகவாயைத் தூக்கி மேலே முழுவதும் பார்க்கிறாளா? கழுத்தை வலது தோள் வரைக்கும் திருப்புகிறாளா? இழுத்துப் பிடிக்கிற மாதிரித் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் ராயப்பேட்டைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். வளர்கிற பிள்ளை, இப்போது விட்டால் கழுத்து அப்படியே இழுத்துக்கொள்ளும். காலையும் சாயங்காலமும் தேங்காய் எண்ணெய் தொட்டு, விரல் நுனியால் வட்டமாக, கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டும். பத்து நிமிஷம். அழுதால் கதை சொல்லுங்கள். அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. சகினாவின் தம்பி ஜூனில் போகிறான், அவனிடம் களிம்பு கொடுத்தனுப்புகிறேன். அவனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். திருவல்லிக்கேணிக்கு நீங்கள் போக வேண்டாம்.

இனி என் மனதில் இருப்பது. கோபம் தீரவில்லை. ஒரு கடிதத்தில் தீருகிற கோபம் இல்லை இது. நான் தினமும் தீக்காயம் கட்டுகிறவள். ஜனவரியில் இதே வார்டில் ஒரு குழந்தை, டீயைக் கொட்டிக்கொண்டு வந்தது, நம் ஈவி வயதுதான். நான்தான் கட்டுப் போட்டேன். அதன் தாய் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளை வெளியே போகச் சொன்னேன். இப்போது நினைக்கிறேன், அதே வாரம் என் பிள்ளை வேறொரு நர்ஸின் தொப்பியைப் பார்த்து மம்மி என்றிருக்கிறாள். அந்தத் தாய்க்கு நிற்க ஒரு கதவாவது இருந்தது. எனக்கு அதையும் நீங்கள் தரவில்லை.

நான் கூப்பிட்டதால்தான் என்று நினைத்துக்கொள்வேன் என்று பயந்தீர்கள். நினைத்தேன். மூன்று நாள் அதையேதான் நினைத்தேன். நான்காம் நாள் சகினா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரேமண்ட் அறையில் உட்காரவைத்தாள். அங்கேதான் அந்தப் படத்தைத் திறந்தேன்.

வெகு நேரம் பார்த்தேன். சகினா பக்கத்தில் நின்று அழுதாள், நான் அழவில்லை. தழும்பைப் பார்த்தேன். ஆறி வருகிற தோல், நிறம் பரவாயில்லை. பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். நெற்றி என்னுடையது. புருவம் உங்களுடையது, ஒன்று சற்று மேலே. இவ்வளவு பெரியவளாகிவிட்டாளா? படம் முழுவதும் துல்லியமாக இருக்கிறது, உதடு மட்டும் கொஞ்சம் கலைந்திருக்கிறது. எண்ணினாள் என்று நீங்கள் எழுதியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கேதான் நான் உடைந்து அழுதேன்.

நான் வேலையை விட்டுவிட்டு வரவில்லை. பயப்படாதீர்கள். ஆகஸ்டில் முறைப்படி விடுமுறை வருகிறது. மாதா திருநாளுக்கு முன்னால் வந்துவிடுவேன். நாற்பது நாள். அதற்குள் ஒன்று செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் கூப்பிட மாட்டேன். ஈவியைத் தூக்கிக்கொண்டு லஸ்ஸில் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போங்கள். எண்ணை அவள் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். மணி இங்கே என் பக்கத்தில் அடிக்கட்டும். நான் எடுக்கிறேன். ஒரு நிமிஷம் போதும். அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, எட்டு வரைக்கும் எண்ணிவிட்டு வைத்தால் போதும்.

சுப்பம்மாவிடம் சொல்லுங்கள், அன்றைக்கு அவள் விட்ட தண்ணீர்தான் என் பிள்ளையின் முகத்தைக் காப்பாற்றியது. எந்த டாக்டரும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வார். அவளுக்கு நான் வரும்போது ஒரு நல்ல புடவை கொண்டுவருவேன்.

இன்னும் ஒரு படம் வேண்டும். அதே ஜன்னல், அதே முக்காலி. பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் உட்கார நேரம் கொடுக்கிற வசதி அதில் இருக்கிறதாம், ரேமண்ட் சொன்னார். அழுத்திவிட்டு நீங்களும் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் எண்ணட்டும். ஷேவ் செய்துகொள்ளுங்கள், மெலிந்திருப்பீர்கள் என்று தெரியும். தலையைக் குனியாமல் கேமராவைப் பாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தும் எனக்குப் பதினைந்து மாதமாகிறது.

டோரதி